தோள் இல்லாத மனுதாரர்

எங்கள் வீட்டில் முப்பத்தொரு பொன்னாடைகள் இருக்கின்றன. கிரைண்டர் மேல் ஒன்று, டிவி மேல் ஒன்று, மழைக்காலத்தில் தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று, போன மாசியில் குட்டி போட்ட வெள்ளாட்டுக்கு ஒன்று. மிச்சமெல்லாம் பீரோவில். அத்தனையும் எனக்குப் போர்த்தியவை. "காசு வாங்கியிருந்தாலாச்சும் மேல ஒரு ரூம்பு எடுத்திருக்கலாமுங்க" என்பாள் என் மனைவி தெய்வானை. நியாயம்தான். ஆனால் நான் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. என்னை வளைக்க அவ்வளவு செலவு தேவைப்பட்டதும் இல்லை.

என் பெயர் சென்னியப்பன். காங்கேயம் பக்கம் ஊத்துக்குழி வலசு. தாலுகா ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்து இருபத்து நாலு வருடமாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரில் என்னை மனு சென்னியப்பன் என்பார்கள். பழைய மனுவைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி எழுதுவது என் தொழில் ரகசியம். ஒருமுறை வாரிசுச் சான்றிதழ் மனுவில் 'மேற்படி எருமை இறந்த தேதி' என்று விட்டுவிட்டேன். அந்தக் குடும்பம் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்துவிட்டது.

சங்கடம் ஆரம்பித்தது கொறங்காட்டில். கொறங்காடு என்றால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். எங்கள் வலசுக்குத் தெற்கே அறுபது ஏக்கர் கிடக்கிறது. வெளியூரில் இருந்த அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார் என்றும், அங்கே ஒரு கம்பெனி கணினிக் கிடங்கு கட்டப்போகிறது என்றும் சேதி வந்தது. ஆயிரக்கணக்கான கணினிகள் ராப்பகலாக ஓடும். அவற்றைக் குளிர வைக்க நாளைக்கு ஒன்பது லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். எட்டு ஆழ்துளைக் கிணறு போட்டு அங்கேயே எடுத்துக்கொள்வார்களாம்.

பால் சொசைட்டியில் ஊர் கூடியது. அங்கமுத்தண்ணனின் கிணறு கொறங்காட்டு வேலியை ஒட்டி இருக்கிறது. எட்டு மாடும் அந்தக் கிணற்றை நம்பித்தான்.

"சித்திரையில எங்கிணத்துல நாலு முழந் தண்ணிதான் கெடக்கும். அதையும் அவன் உறிஞ்சீட்டான்னா மாட்ட ஓட்டீட்டு நான் எங்க போறது? தம்பி, நீதான் எழுதோணும்" என்றார்.

எதிர்ப்புக் குழுவுக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். வாட்ஸப் குழு ஆரம்பித்து, 'ஒரு சொட்டும் தரமாட்டோம்' என்று முதல் செய்தி போட்டேன். பேச்சில் நான் பூனை, எழுத்தில் புலி. அதைப் படித்தபோது எனக்கே என்மேல் பயம் வந்தது.

அடுத்த வாரம் மதிவதனி என்ற விசாரணை அலுவலர் வந்தார். முப்பது வயதிருக்கும், எதற்கும் குரலை உயர்த்தாத பெண். இனிமேல் கருத்துக் கேட்புக்கு ஊரார் நேரில் வர வேண்டியதில்லை, எங்கள் பிரதிகள் வந்தால் போதும் என்றார்.

"பிரதீன்னா ஜெராக்ஸுங்களா?" என்றேன், தொழில்முறை அக்கறையோடு.

"கிட்டத்தட்ட. நீங்க போன்ல பேசினது, டைப் பண்ணினது, கையெழுத்துப் போட்டது எல்லாத்தையும் வச்சு, உங்களை மாதிரியே யோசிக்கிற ஒண்ணை கம்ப்யூட்டர்ல செய்வோம். கம்பெனியோட அறிக்கை ஆயிரத்து எண்ணூறு பக்கம். அதை நீங்க யாராவது படிப்பீங்களா? உங்க பிரதி படிக்கும். முந்நூத்திப் பத்துப் பிரதியும் ஒண்ணாக் கூடி, ஒரே மத்தியானத்துல ஒன்பது வருஷம் பேசற பேச்சைப் பேசி முடிக்கும்."

"அம்மிணி, எம்பட பிரதி பீடி குடிக்குமுங்களா?" என்றார் அங்கமுத்தண்ணன்.

"குடிக்காதுங்க ஐயா. ஆனா ஒண்ணு பத்த வச்சா நல்லா இருக்கும்னு நினைக்கும்."

"அட பாவமே" என்று அண்ணன் தன் பிரதிக்காக வருத்தப்பட்டார்.

"நேர்லயே கூட்டம் போட்டா என்னுங்க?" என்று தெய்வானை கேட்டாள். கேட்டுவிட்டு இருமினாள். இடுப்பில் செருகியிருந்த மூச்சு மருந்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். வடக்கே இரண்டு கிலோமீட்டரில் ஒரு கல்குவாரி இருக்கிறது. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையைக் கழுவினால் தண்ணீர் சுண்ணாம்புபோல வரும். அவளுக்கு அந்தத் தூசி நெஞ்சில் ஏறி ஏழு வருடமாகிறது.

"போன வருஷம் இன்னொரு ஊர்ல போட்டோம்மா. நூத்தி இருபது நாற்காலி உடைஞ்சுது. கருத்து ஒண்ணுகூடப் பதிவாகலை."

எல்லோரும் போனைக் கொடுத்தார்கள். நான் மட்டும் போனுக்குப் பதில் கடைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கையே கழற்றிக் கொடுத்தேன். இருபத்து நாலு வருட மனுக்கள், ஒன்றைக்கூட அழித்ததில்லை. அழித்தால் அடுத்த மனுவுக்கு எதைத் திறந்து பெயர் மாற்றுவது? நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லி அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பத்து நாள் கழித்து கடைக்கு ஒருவர் வந்தார். கம்பெனியின் மக்கள் தொடர்பு அலுவலர், பெயர் கிரிதரன். ஜெராக்ஸ் எடுக்க வரவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் எழுதிய மனு ஒன்றைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அண்ணா, இந்தத் தாலுகாவுல இப்படித் தமிழ் எழுத ஒரு ஆள் இருக்காருன்னு எனக்கு யாருமே சொல்லலையே!"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். இன்னும் இரண்டு தடவை சொல்லமாட்டாரா என்றிருந்தது. சொன்னார்.

"திறப்பு விழாவுக்கு வேற பெரிய மனுசங்க யாரும் வேண்டாம்ணா. குத்துவிளக்கு நீங்கதான் ஏத்தறீங்க. இது கம்பெனி தீர்மானம்."

அன்று சாயங்காலம் குழுவில் ஒரு செய்தி போட்டேன்: 'வளர்ச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பது அறிவுடைமை ஆகாது. இரு தரப்பையும் நடுநிலையோடு சிந்திப்போமாக.' கீழே மூன்று கும்பிடு.

தெய்வானை அதைப் படித்துவிட்டுச் சமையலறையிலிருந்தே கேட்டாள். "வெளக்குங்களா, பொன்னாடைங்களா?"

"ரெண்டும்" என்றேன்.

அவள் கிரைண்டரைப் போட்டாள்.

பிரதிகள் ஒரு புதன்கிழமை மத்தியானம் கூடின. அந்த நேரத்தில் நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு மதிவதனி போன் செய்தார். முந்நூற்று ஒன்பது பிரதிகள் சம்மதம் தெரிவித்துவிட்டனவாம். அங்கமுத்தண்ணனின் பிரதிகூட.

எப்படி என்று எல்லோரும் குதித்தார்கள். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் போனில் என்ன பேசுவார்கள்? 'சரிங்க', 'ஆகட்டுமுங்க', 'அப்படியே பண்ணீரலாமுங்க'. முகத்துக்கு நேராக ஒருவரிடம் மாட்டேன் என்று சொல்வது எங்களுக்குத் தெரியாது. வாயில் சரி என்றுவிட்டு, நாளைக்குப் போகாமல் இருந்துகொள்வோம். பிரதிக்கு அந்த 'நாளைக்கு' கிடையாது. சரி என்றது, அவ்வளவுதான்.

"மறுத்தது ஒரே ஒரு பிரதிதான்" என்றார் மதிவதனி. "உங்களோடதுங்க ஐயா. தண்ணீர்க் கணக்குல இருநூத்திப் பதினாறு தப்பு கண்டுபிடிச்சிருக்கு. மத்த பிரதிங்க ஒன்பது வருஷம் கெஞ்சியும் அசையலை."

எனக்கு வந்த முதல் உணர்ச்சி கோபம்தான். என்னைக் கேட்காமல் எனக்கு அவ்வளவு தைரியமா!

சட்டப்படி ஒரே ஒரு பிரதி காரணத்தோடு மறுத்தாலும் திட்டம் நின்றுவிடும். ஆனால் அந்தப் பிரதிக்கு உரியவர் நேரில் வந்து, 'இது என் கருத்தல்ல' என்று கையெழுத்துப் போட்டால் மறுப்பு செல்லாது. விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் என் வீட்டு வாசலில் கூட்டம். அங்கமுத்தண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்பட பிரதி என்னையக் கவுத்திருச்சு தம்பி. உம்படதுதான் நிக்குது. கையெழுத்து மட்டும் போட்றாத சாமி. இல்லீன்னா மாடு கன்னோட நானுங் கொடத்தத் தூக்கீட்டு நடுரோட்டுல நிக்கோணும்."

"போடுவனுங்களாண்ணா?" என்றேன். சத்தியமாக அந்த நிமிடம் போடமாட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் போன அரைமணி நேரத்தில் கிரிதரன் போன் செய்தார். "அண்ணா, மிஷின் ஏதோ குழம்பிருச்சு. உங்களை மாதிரி பண்பட்ட மனுசர் இப்படி முரட்டுத்தனமாப் பேசுவாரா? உங்க பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான் எனக்குக் கவலை."

நான் முரடனா? எனக்கும் அந்தக் கவலை வந்துவிட்டது. "பாத்துக்கலாமுங்க" என்றேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு சமுதாயக் கூடத்தில் விசாரணை. ஊரே வந்திருந்தது. மேடையில் எனக்கென்று துண்டு விரித்த நாற்காலி. கிரிதரன் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் சரிகை மின்னியது. முப்பத்திரண்டு என்று என் மனம் தானாக எண்ணிக்கொண்டது. வெட்கக்கேடுதான், ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். தெய்வானை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மதிவதனி படிவத்தை என் முன் வைத்தார். "கையெழுத்துக்கு முன்னாடி உங்க பிரதி கொடுத்த மனு ஒண்ணு இருக்கு. சபையில படிக்கணும்னு கேட்டிருக்கு. சட்டப்படி நான் படிச்சாகணும்."

படித்தார்.

"அனுப்புநர்: ரா. சென்னியப்பன், பிரதி. பெறுநர்: உயர்திரு விசாரணை அலுவலர் அவர்கள். பொருள்: மேற்படி ரா. சென்னியப்பனை நம்ப வேண்டாம் எனக் கோருதல் தொடர்பாக."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். என் நடைதான், சந்தேகமே இல்லை. எருமை மட்டும்தான் இல்லை.

"பெருமதிப்பிற்குரிய அம்மையீர், மேற்படியார் இன்று என் மறுப்பைத் தன் கருத்தல்ல என்று கூறுவார். அதற்குச் சற்று முன்போ பின்போ அவருக்குப் பொன்னாடை போர்த்தப்படும்."

கிரிதரன் கவரை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். சரக்கென்று சத்தம் கேட்டது. இப்போது அங்கமுத்தண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவர் கெட்டவர் அல்லர். அவர் எழுதிய ஒவ்வொரு மனுவையும் எழுதும்போது நம்பித்தான் எழுதினார். நான் அந்த எழுத்துகளால் ஆனவன். எனக்கும் அவருக்கும் வித்தியாசம் ஒன்றே. எனக்குத் தோள் இல்லை. இணைப்பு ஒன்று: ஐந்தாம் நம்பர் பஸ் வேண்டி எழுதிய மனு, பொங்கல் விழாவில் மேடையேற்றப்பட்டதும் வாபஸ். இணைப்பு இரண்டு: குளத்து ஆக்கிரமிப்பு பற்றிய மனு, ஆக்கிரமித்தவர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார வைக்கப்பட்டதும் வாபஸ்..."

ஒவ்வொன்றுக்கும் கூடம் சிரித்தது. வாபஸ் கடிதங்களையும், பொன்னாடைக்கு எழுதிய நன்றிக் கடிதங்களையும் அதே கம்ப்யூட்டரில்தான் அடித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு முடிந்தது. ஒன்பதாவது என்னவென்று எனக்குத் தெரியும். "போதுமுங்க அம்மிணி" என்றேன். அவர் நிறுத்தவில்லை.

"இணைப்பு ஒன்பது: வடக்குக் கல்குவாரியை மூடக் கோரிய மனு. ஏழு வருடங்களுக்கு முன் கொடுக்கப்பட்டது. விசாரணைக்கு ஏற்கப்பட்டது. குவாரி உரிமையாளர் பள்ளி ஆண்டு விழாவில் மேற்படியாருக்குப் பொன்னாடை போர்த்திய மறுநாள் வாபஸ் பெறப்பட்டது. அரசு நிராகரித்துவிட்டதாக ஊராரிடமும் தன் மனைவியிடமும் கூறினார். அரசு நிராகரிக்கவில்லை."

யாரும் சிரிக்கவில்லை. மதிவதனி மிச்சத்தை மெதுவாகப் படித்தார்.

"அதே ஆண்டு முதல் அவர் மனைவி மூச்சுக்கு மருந்து எடுத்து வருகிறார். அதன்பின் மேற்படியார் அதே குவாரி குறித்து எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திய வரைவுகள் பதினொன்று என்னிடம் உள்ளன. எல்லாம் 'என் மனைவி' என்ற இடத்தோடு நின்றுவிடுகின்றன. எனவே கையெழுத்துப் போடுகிறாரா என்ற கேள்வியை இன்று கம்பெனியோ அலுவலரோ அவரிடம் கேட்க வேண்டாம் என்றும், திருமதி தெய்வானை கேட்க அனுமதிக்க வேண்டும் என்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

தெய்வானை என்னைப் பார்த்தாள். கல்யாணமான முப்பத்து மூன்று வருடத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, மேடையில் உட்கார்ந்து அழுதேன். அவள் எழுந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவளுக்கு இருமல் முட்டிக்கொண்டது. மருந்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள், இன்னொன்றும் இழுத்தாள். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"போடறீங்களா?" என்றாள்.

"இல்லீங்க" என்றேன். என் மனைவியை நான் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான் முதல் தடவை. "அது சொல்றதுதான் எங்கருத்து."

படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை. தெய்வானை அதற்குள் வெளியே போய்விட்டாள்.

கணினிக் கிடங்கு வேறு இடம் தேடிப் போய்விட்டது. அந்த ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் யாரோ, அவர் தோள் எப்படியோ. அங்கமுத்தண்ணன் கிணற்றில் அந்தச் சித்திரைக்கும் நாலு முழத் தண்ணீர் கிடந்தது. பிரதிக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று ஊரில் ஒரே பிடிவாதம். தோள் இல்லாததால் பொன்னாடையை என் கடைக் கம்ப்யூட்டருக்குப் போர்த்தினார்கள். சூடாகி அது அன்றைக்கே நின்றுவிட்டது. ரிப்பேர் செய்ய ஒரு வாரம் பிடித்தது.

வீட்டில் தெய்வானை என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். ஒரு வார்த்தை கிடையாது. பீரோவைத் திறந்து பொன்னாடைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவாரிக்காரர் போர்த்தியது எது என்று தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஊதா நிறத்தில் பச்சைக் கரை. அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

விசாரணை முடிந்து முப்பது நாளில் பிரதிகளை அழித்துவிடுவது விதி. எங்கள் ஊருக்கு மட்டும் அந்த ஒன்றை விட்டுவைக்க வேண்டும் என்று முந்நூற்றுப் பத்துப் பேர் கையெழுத்தோடு மனு எழுதினேன். இனி எந்த மனுவையும் அதுவே எழுதட்டும், எனக்கும் ஓய்வு, ஊருக்கும் நல்லது என்று கணக்குப் போட்டிருந்தேன். மதிவதனி போன் செய்தார்.

"அழிக்கறதுக்கு முன்னாடி பிரதிகிட்டயும் கருத்துக் கேட்கணும். கேட்டேன் ஐயா. அது உங்க மனுவுக்கு ஆட்சேபணை தெரிவிச்சிருக்கு."

"என்னன்னுங்க?"

"'நான் இருந்தால் எல்லாவற்றையும் என்னிடம் தள்ளிவிடுவார். பாதியில் நிற்கும் குவாரி மனுவை மேற்படியார் தன் கையால் எழுத வேண்டும். ஆகவே என்னை அழித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். நேத்து அழிச்சாச்சு."

போனை வைத்துவிட்டுப் பன்னிரண்டாவது வரைவை ஆரம்பித்தேன். 'என் மனைவி' வரை வந்தது. அதற்கு மேல் கை போகவில்லை.

அப்போது தெய்வானை கடைக்கு வந்தாள். இருபத்து நாலு வருடத்தில் அவள் கடைப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. மனு எழுத வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பில் சித்த நேரம் மூச்சு வாங்கினாள்.

"மனு ஒண்ணு எழுதோணுமுங்க" என்றாள்.

யாரோ ஊர் ஆளிடம் பேசுவதுபோல இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல். நானும் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"பேரு?"

"தெய்வானை."

"வயசு?"

"அம்பத்து நாலு."

"யாரு மேல மனு?"

"வடக்குக் கல்குவாரி மேல."

வரைவில் 'என் மனைவி' என்று இருந்த இடத்தை அழித்தேன். 'தெய்வானை ஆகிய நான்' என்று அடித்தேன். அதன்பின் கை நிற்கவில்லை. ஒன்றரைப் பக்கம் வந்தது. படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் நிறுத்தி, "தூசுன்னு மட்டும் போடாதீங்க. கறிவேப்பலையில படியறதையும் எழுதுங்க" என்றாள். எழுதினேன்.

பிரிண்ட் எடுத்து, பழக்கதோஷத்தில் கடைசியில் என் பெயரைப் போடப் பேனாவை எடுத்தேன். அவள் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கையெழுத்து நாந்தான் போடுவேன். அப்பத்தான் உங்களால வாபஸ் வாங்க முடியாது."

போட்டாள். நான் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.